20க்கும் 20,000க்கும் நடுவே

“எத்தன அடி போருங்க? தண்ணி எத்தனாவது அடியில நிக்குது?”

சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கக் கோவைக்கு வரும் விவசாயியிடம் கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். பைப் எத்தனை இஞ்சு, தண்ணீர் நேராக வயலுக்குப் பாயுமா, மேட்டுத் தொட்டிக்கு ஏற வேண்டுமா என்று விசாரித்துவிட்டுக் கேட்லாக்கைப் புரட்டுவார். அதில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு வளைகோடு இருக்கும். இத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அந்தக் கோடு சொல்லும். அதிகபட்ச ‘ஹெட்’ என்று பெரிய எண் ஒன்றை மட்டும் காட்டி பொள்ளாச்சிக்காரரிடம் பம்பை விற்றுவிட முடியாது. அந்த உச்ச உயரத்தில் பம்பு சுற்றும், தண்ணீர் வராது என்பது அவருக்குத் தெரியும். சப்மெர்சிபிள் பம்புக்கென்று ஐ.எஸ். 8034 என்ற இந்தியத் தர வரையறையே இருக்கிறது. கோடு காகிதத்தில் இருப்பதுபோல் நிஜத்திலும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கோவையில் சிடார்க் போன்ற ஆய்வகமும் இருக்கிறது.

அதே வீட்டுப் பிள்ளை கிராஸ்கட் ரோட்டில் ஆயிரம் ரூபாய்க்கு ஹெட்ஃபோன் வாங்கும்போது அந்தக் கேள்வி எதுவும் எழுவதில்லை. பெட்டியின் பின்புறம் ‘ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்: 20 ஹெர்ட்ஸ் – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்திலிருக்கும் ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அதே வரிதான், ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியிலும் அதே வரிதான். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய அதுவே என்பதால் படிப்பவருக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது பம்பின் அதிகபட்ச ஹெட்டைப் போன்ற எண். இரண்டு முனைகளைச் சொல்கிறது. நடுவில் நடப்பதைச் சொல்வதில்லை. சொல்லப்போனால் முனைகளைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. 20 ஹெர்ட்ஸில் சத்தம் எவ்வளவு வருகிறது என்ற விவரம் அந்த வரியில் எங்கும் இல்லை.

அந்த எண்ணுக்குப் பொருள் வர வேண்டுமானால் அதன் பின்னால் இன்னொன்று வர வேண்டும்: ‘கூட்டல் அல்லது கழித்தல் 3 டெசிபல்’ என்பது போன்ற ஒரு வரம்பு. எல்லா அதிர்வெண்களும் குறிவைத்த அளவிலிருந்து 3 டெசிபலுக்கு மேல் விலகாமல் ஒலிக்கும் என்பது அதன் உத்தரவாதம். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். இருபது குறைந்தால் கால்பங்கு. வரம்பு சொல்லாத பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் ஒலி முப்பது டெசிபல் அடங்கிப்போயிருந்தாலும் ‘20 முதல்’ என்று அச்சிடுவதற்குத் தடை எதுவும் இல்லை. ‘40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்ற ‘ஹை-ரெஸ்’ முத்திரையும் மலிவான பெட்டிகள் வரை இறங்கிவிட்டது. அது மனிதக் காது கேட்கவே கேட்காத பகுதியைப் பற்றிய பெருமை.

பார்க்க வேண்டியது கோட்டைத்தான். கிடையாக அதிர்வெண், நெடுக்காக டெசிபல். முதல்முறை பார்ப்பவரைக் கிடை அச்சு கொஞ்சம் குழப்பும். 20இலிருந்து 200 வரை எவ்வளவு அகலமோ அதே அகலம்தான் 200இலிருந்து 2,000 வரைக்கும், 2,000இலிருந்து 20,000 வரைக்கும். காது அப்படித்தான் கேட்கிறது. ஒவ்வொரு முறை அதிர்வெண் இரட்டிக்கும்போதும் ஒரு ஸ்தாயி ஏறியதாக அது கணக்கு வைத்துக்கொள்கிறது. 20க்கும் 20,000க்கும் நடுவே இருப்பவை சுமார் பத்து ஸ்தாயிகள். அவற்றில் கடைசி ஒன்று மட்டுமே 10,000 ஹெர்ட்ஸை விழுங்கிவிடுகிறது. பெட்டியில் பெரிய எண்ணாகத் தெரிவது பாட்டில் பத்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கிறது.

இந்தப் பத்து ஸ்தாயிகளில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கொங்கு நாட்டில் ஒரு கோயில் திருவிழாவில் காது கொடுத்து நின்றால் போதும். வயிற்றில் அதிரும் பெரிய தோல்வாத்தியங்களின் முழக்கமும், வளைந்த குச்சியால் உரசும்போது உறுமி எழுப்பும் அந்த முனகலின் அடித்தளமும் இருநூறு, முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உட்கார்ந்திருக்கின்றன. பேச்சிலும் பாட்டிலும் ஆண்குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்குரலின் அடிச்சுருதி 200ஐ ஒட்டியும் தொடங்கி மேலேறுகிறது. நாட்டார் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடுகிறவரின் வார்த்தைகள் தெளிவாக விழுவது அதற்கும் மேலே, 300இலிருந்து 4,000 வரையான இடத்தில். தமிழ்ச் செவிக்கு இந்த இடம் மிகவும் முக்கியம். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் தகவலில் பெரும்பங்கு 1,500க்கும் 3,000க்கும் இடைப்பட்ட வாயறை ஒத்ததிர்வுகளில்தான் கிடைக்கிறது. வள்ளி கும்மியில் நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டும் கைத்தட்டலின் ‘பட்’டென்ற வெட்டும் ஏறக்குறைய இதே பகுதியில்தான் பலமாக இருக்கிறது. பெருஞ்சலங்கை ஆட்டத்தில் காலில் கட்டிய சலங்கையின் கலகலப்பும், ‘ஸ’ என்று சொல்லும்போது பல்லிடுக்கில் சீறும் காற்றும் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகின்றன. 12,000க்கு மேலே இருப்பது பெரும்பாலும் உலோகத் தாளங்களின் மினுமினுப்பும் காற்றோட்டமும் மட்டுமே.

எந்த வாத்தியமும் ஒரே ஓர் அதிர்வெண்ணில் அடங்கிவிடுவதில்லை. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் சி.வி. ராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழிலும், பிறகு 1934இல் இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழிலும் அவர் மிருதங்கம், தபலா பற்றி எழுதினார். சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்சுருதிகள் ஒழுங்கில்லாத விகிதத்தில் வருவதால் அதில் ஸ்வரம் கேட்காது, ஓசை மட்டுமே கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருப்புக் கரணை அந்த விகிதத்தையே மாற்றுகிறது. அடிச்சுருதியின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக அவற்றை வரிசைப்படுத்துகிறது. சுருதி சேர்ந்த மிருதங்கம் பாடுவதுபோல் கேட்பதற்குக் காரணம் இந்த வரிசைதான். ஒரு ஹெட்ஃபோன் அந்த வரிசையின் மூன்றாம் படியை ஆறு டெசிபல் தூக்கி, ஐந்தாம் படியை எட்டு டெசிபல் அமுக்கினால் சுருதி மாறாது, ஆனால் மிருதங்கம் மிருதங்கமாக இருக்காது. பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது என்று கேட்பவர்கள் சொல்வது பெரும்பாலும் வளைகோட்டின் இப்படியொரு மேடு பள்ளத்தைத்தான்.

அப்படியென்றால் கோடு நேராக, தட்டையாக இருந்தால்தானே நல்லது? ஒலிபெருக்கிக்கு ஏறக்குறைய ஆமாம். ஹெட்ஃபோனுக்கு இல்லை. இந்த இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது.

எதிரே நின்று ஒருவர் பாடும்போது ஒலி நேராகச் செவிப்பறைக்குப் போய்விடுவதில்லை. தோளிலும் தலையிலும் பட்டு, காதுமடலின் மடிப்புகளில் சுழன்று, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாய்க்குள் நுழைகிறது. ஒரு முனை திறந்து மறுமுனை மூடிய குழாய், தன்னைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள அலையைக் கூட்டிக் கொடுக்கும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். நான்கு மடங்கு நீளம் பத்து சென்டிமீட்டர். வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ் வருகிறது. காதுமடலின் குழிவும் சேர்ந்துகொள்ள, நிஜக் காதில் உச்சம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அங்கே ஒலி பத்து டெசிபலுக்கு மேல் பெருகுகிறது. பிறந்த நாளிலிருந்து மூளை இப்படிப் பெருக்கிய ஒலியையே கேட்டுப் பழகியிருக்கிறது. காதுக்குள் செருகும் இயர்ஃபோன் காதுமடலை ஒதுக்கிவிட்டுக் குழாயின் பாதியையும் அடைத்துக்கொள்கிறது. இயற்கை கொடுத்துவந்த அந்த மேட்டை இயர்ஃபோன் தானே போட்டுக் கொடுக்காவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகிவிடும். ஆகவே நல்ல இயர்ஃபோனின் வளைகோட்டில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு இருந்தே தீர வேண்டும்.

அந்த மேடு எவ்வளவு உயரம், அடித்தாளம் எவ்வளவு தூக்கல் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனின் ஷான் ஆலிவ். அவரும் டாட் வெல்ட்டி முதலிய சகாக்களும் 2012 தொடங்கி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒரே ஹெட்ஃபோனை வைத்து, பல மாடல்களின் வளைகோடுகளை மின்னணு முறையில் அதில் ஏற்றி, எது எந்தப் பிராண்டு என்று தெரியாமல் மக்களைக் கேட்க வைத்தார்கள். பெயரும் விலையும் மறைந்துபோனதும் பெரும்பாலோரின் விருப்பம் ஒரே மாதிரிக் கோட்டை நோக்கிக் கூடியது. நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்து கேட்பதை ஒத்த கோடு அது: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிதமான தூக்கல், நடுவில் சமம், 3,000இல் மேடு, அதற்கப்பால் மெல்லச் சரிவு. ‘ஹார்மன் கோடு’ என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிந்தைய ஆய்வில் சுமார் 64 சதவீதம் பேர் இந்தக் கோட்டையே விரும்பினார்கள். 15 சதவீதம் பேருக்கு இன்னும் கூடுதல் பேஸ் வேண்டியிருந்தது. 21 சதவீதம் பேருக்குக் குறைவாக வேண்டியிருந்தது.

கலாச்சாரம் விருப்பத்தை மாற்றுமா என்று பார்க்க 2014இல் நான்கு நாடுகளில் சோதித்தார்கள்: அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா. பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பட்டியலில் இந்தியா இல்லை. பள்ளி நாள் முதல் டவுன் பஸ்ஸிலும் மஃப்சல் பஸ்ஸிலும் இருக்கையே அதிரப் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு திருப்பூர்க்காரர் அந்த 64இல் சேர்வாரா, 15இல் சேர்வாரா? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. பொறியியல் கல்லூரிகள் இத்தனை இருக்கும் கோவையில் ஒரு மாணவர் குழு செய்துவிடக்கூடிய ஆய்வும்கூட.

முதல் ஹெட்ஃபோன் வாங்குகிறவருக்கு இவற்றையெல்லாம்விடப் பயனுள்ள ஆய்வு 2017இல் வந்தது. யெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, வளைகோட்டுக்கும் கடை விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு இல்லை. கட்டுரையின் தலைப்பிலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார். விலை கூடக்கூடக் கோடு நல்ல வடிவத்தை நெருங்குகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வளைகோட்டைத் தீர்மானிப்பவை டயாஃப்ரம் என்னும் மெல்லிய படலத்தின் விறைப்பு, பின்புறத் துளையின் விட்டம், அதன்மேல் ஒட்டும் வடிகட்டித் தாளின் அடர்த்தி, முனைக்குழலின் நீளம். இவை எவையும் விலையுயர்ந்த பொருள்கள் இல்லை. துளையை அரை மில்லிமீட்டர் மாற்றிப் பார்த்து, அளந்து, மறுபடி மாற்றும் பொறுமைக்குத்தான் செலவு. ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் லட்சம் எண்ணிக்கையிலும் அதே அச்சில் வார்க்கலாம். தோல் உறை, உலோக உடல், பெயர் எல்லாம் விலையை ஏற்றும், கோட்டைத் தொடாது.

எளியவருக்கு மலிவாகத் தருவதென்றால் தரத்தைக் குறைத்துத்தான் தர வேண்டும் என்பதில்லை என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1941இலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தவர். இன்று அதே சாத்தியம் இயர்ஃபோனில் நடந்திருக்கிறது. மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஸால்நோட்ஸ் ஜீரோ போன்ற கம்பி வைத்த சீன இயர்ஃபோன்கள் சுமார் இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே ஹார்மன் கோட்டுக்கு மிக அருகில் வருகின்றன. பத்து மடங்கு விலையுள்ள பல மாடல்கள் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை. பேட்டரி, சிப், ரேடியோ எதற்கும் பங்கு தர வேண்டியதில்லை என்பதால் கம்பி வைத்த இயர்ஃபோனில் கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஒலிக்கே போகிறது. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டைப்-சி முனைக்கு மாற்றும் சிறு துண்டு ஒன்று போதும்.

கோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கப்போகும் ஒலியில் என்ன இருக்கிறது?

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் வெளியானது. பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’ 1954இல் வெளியானது. கோவையில் பதிவான அந்தக் காலப் பாட்டுகளை இன்றும் விரும்பிக் கேட்பவர்கள் ஏராளம். அந்த ஒலி படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்து, அரக்குத் தட்டில் அச்சாகி வந்தது. இரண்டுமே 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பயனுள்ள எதையும் ஏறக்குறைய சுமக்கவில்லை. திரையரங்குகளுக்காக ஹாலிவுட்டில் 1938இல் வகுத்த ‘அகாடமி கோடு’, சுருளின் இரைச்சலை மறைப்பதற்காக 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை வேண்டுமென்றே சரித்து, 8,000இல் சுமார் 18 டெசிபல் வரை தாழ்த்தியது. இப்படிப்பட்ட பதிவை ‘எக்ஸ்ட்ரா ட்ரெபிள்’ ஹெட்ஃபோனில் போட்டால் பாடகரின் குரலில் புதிதாக எதுவும் தெரியாது. தட்டின் கீறலும் இரைச்சலும் மட்டும் பளிச்சென்று தெரியும். அக்கால இசையமைப்பாளர்கள் சுப்பையா நாயுடுவையும் ஜி. ராமநாதனையும் கேட்பவருக்கு 200இலிருந்து 5,000 வரை சீராக இருக்கும் ஹெட்ஃபோன்தான் வேண்டும். 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி அண்ணன்மார் கதையை ரீல் டேப்பில் பதிந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக்கின் சேகரிப்புப் போன்ற களப்பதிவுகளுக்கும் அதே கணக்குதான். உடுக்கையும் குரலும் தெளிவாக விழ வேண்டும்.

ஒலி வந்து சேரும் பாதைக்கும் எல்லை உண்டு. 999 கிலோஹெர்ட்ஸில் வரும் கோவை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு சுமார் 5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எஃப்.எம். 15,000 வரை வரும். பழைய செல்போன் அழைப்பு 300க்கும் 3,400க்கும் நடுவே அடங்கியது. இன்றைய ‘எச்.டி. வாய்ஸ்’ 50இலிருந்து 7,000 வரை போகிறது. நாளெல்லாம் ஆன்லைன் வகுப்புக்கும் வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கும்தான் ஹெட்ஃபோன் என்றால், 10,000க்கு மேலே அது என்ன செய்கிறது என்று கவலைப்பட வேண்டியதே இல்லை.

கேட்கும் இடமும் கோட்டை மாற்றுகிறது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது நொடிக்கு 75 முறை வெடிக்கிறது. அதாவது பஸ்ஸின் அடிமுழக்கம் 75 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் குடியிருக்கும் அதே தெரு. அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கு வீட்டில் நன்றாக இருந்த ஹெட்ஃபோன் திடீரென்று பேஸ் இல்லாமல் ஒலிப்பது இதனால்தான். கை உடனே வால்யூமுக்குப் போகும். அங்கே கூடுவது பேஸ் மட்டுமில்லை, எல்லாமும்தான். கீழ் அதிர்வெண்களில் காதே மந்தமானது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். மெல்லிய சத்தத்தில் கேட்டால் முதலில் மறைவது பேஸ். பஸ்ஸில் கேட்பவர்களுக்கு ரப்பர் முனை நன்றாக அடைக்கும் இயர்ஃபோனோ, இரைச்சல் நீக்கும் ஏ.என்.சி. வசதியோ உண்மையிலேயே உதவும். ஏ.என்.சி. பலமாக வேலை செய்வது சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, எஞ்சின் முழக்கம் இருக்கும் அதே இடத்தில். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அது பெரிதாகத் தடுக்காது.

கடையில் நின்று கேட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது முனையின் அளவு. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே சிறு இடுக்கு இருந்தாலும் பேஸ் வெளியே ஓடிவிடும். எந்த அளவீட்டுக் கோடும் அப்போது பொருந்தாது. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி போட்டுத் தருவது அலங்காரத்துக்காக இல்லை. இரண்டு காதுக்கும் இரண்டு வேறு அளவு தேவைப்படுவதும் சகஜம். அடுத்து, நன்றாகப் பழகிய ஒரு பாட்டு. எண்பதுகளின் இளையராஜா பாட்டு எதுவும் இதற்குப் பொருத்தம், ஏனென்றால் அவற்றில் பேஸ் கிட்டார் ஓய்வதே இல்லை. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தக் கிட்டார் கீழே இறங்கி மேலே ஏறும்போது எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் வருகிறதா, அல்லது ஒரு ஸ்வரம் மட்டும் குமுறி, அடுத்தது காணாமல் போகிறதா என்று கவனிக்கலாம். பிறகு ஒரு பெண்குரல் பாட்டில் ‘ஸ’ வரும் இடங்கள். காதைக் கிழித்தால் 6,000, 8,000 பக்கம் ஒரு கூர்முனை இருக்கிறது. கடைசியாகத் தவிலும் நாதஸ்வரமும். நாதஸ்வரத்தின் பலமெல்லாம் மேற்சுருதிகளில் இருப்பதால், 3,000 மேடு அளவுக்கு மீறியிருந்தால் பத்தே நிமிடத்தில் காது களைத்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் அளவீட்டுக் கோடுகளை நம்பலாம், ஓர் எச்சரிக்கையோடு. செயற்கைக் காதுகளில் அளப்பவர்கள் பெரும்பாலும் ஐ.இ.சி. 60318-4 என்ற வரையறைப்படி அமைந்த கருவியை வைத்திருக்கிறார்கள். அதில் எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து 8,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முனை நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே கோட்டில் தெரியும் சிறு சிறு பற்களுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே கருவியில் ஒருவரே அளந்த இரண்டு கோடுகளை ஒப்பிடுவது பயன் தரும். இருவேறு கருவிகளின் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது குழப்பத்தில் முடியும்.

கையில் இருப்பது கோணலான கோடுள்ள ஹெட்ஃபோன் என்றாலும் அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை. யாக்கோ பாசனன் தொடங்கிய ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டம் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கான திருத்த எண்களைத் தருகிறது. ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட் செயலி அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும். பள்ளத்தைத் தூக்குவதைவிட மேட்டைக் குறைப்பது நல்ல வழக்கம், சிதைவு வராது. முனை பொருந்தாமல் ஒழுகும் பேஸை மட்டும் எந்த ஈக்வலைசராலும் நிரப்ப முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வளைகோடு மிச்சமிருக்கிறது. கேட்பவரின் காது.

சோமனூர், பல்லடம், மங்கலம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் ஷட்டில் அடிக்கும் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லையே 90தான். இப்படிப்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை. ஆடியோகிராம் தாளில் அந்த இடத்தில் மட்டும் கோடு குழியாகத் தொங்கும். மருத்துவர்கள் பார்த்தவுடனே தறியா, மில்லா என்று கேட்டுவிடும் அளவுக்கு அது பழகிய வடிவம். ஏன் 4,000? காரணங்களில் முக்கியமான ஒன்று, மேலே சொன்ன அதே செவிக்குழாய். அது 3,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பத்து டெசிபலுக்கு மேல் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. மிகுந்த சத்தத்தின் சேதம் அந்த ஒலியின் இடத்திலிருந்து அரை ஸ்தாயி மேலே தள்ளி விழுகிறது. குரலைத் தெளிவாக்க இயற்கை வைத்த பெருக்கியே தறிச்சத்தத்தையும் பெருக்கிக் கொடுத்துவிடுகிறது.

உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அங்கே போய்விட்டால் திரும்ப முளைப்பதில்லை. தறிக்காரர் பலரும் ‘பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல’ என்று சொல்வது இந்தக் குழியால்தான். உயிரெழுத்துகளின் கனம் கீழே பத்திரமாக இருக்கிறது, மெய்யெழுத்துகளின் கூர்மை மேலே தொலைந்துவிடுகிறது. அவருக்குப் பளபளப்பாகக் கேட்கும் ஹெட்ஃபோன் அவருடைய மகளுக்குக் காதைக் குத்தும். இருவரும் ஒரே கடையில் ஒரே மாடலைக் கேட்டுவிட்டு இரண்டு தீர்ப்புச் சொன்னால் இருவரும் சரியே. ஐஃபோனில் 2020இல் வந்த ‘ஹெட்ஃபோன் அகாமடேஷன்ஸ்’ வசதியும், சாம்சங் போன்களின் ‘அடாப்ட் சவுண்ட்’ வசதியும் கேட்பவரின் குறையை உள்வாங்கிக்கொண்டு, அவருக்குக் கேட்காத இடத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கின்றன. மருத்துவமனையில் எடுத்த ஆடியோகிராமை ஐஃபோனில் அப்படியே ஏற்றலாம். மொத்த வால்யூமையும் ஏற்றி, நன்றாக இருக்கும் பகுதியையும் கெடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த எச்.870 என்ற தரம் ஹெட்ஃபோனுக்கு வைக்கும் வாராந்திர அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 83இல் 20 மணி. 86இல் 10 மணி. பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்கவைக்க 90க்கு ஏற்றினால் வாரம் முழுவதற்கும் சுமார் நான்கு மணி நேரம். கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் பயணத்தில், காட்பாடி வருவதற்குள் அது தீர்ந்துவிடும்.